வண்டியின் எண்ணும் அதை வாசிக்கும் இயந்திரமும்

கரும்பு வெட்டுங் காலத்தில் நம் கிராமச் சாலைகளில் செல்லும் டிராக்டர்களை நோக்கினால், டிரெய்லரின் எண் பலகை சேறு பூசி மறைந்திருப்பதைக் காணலாம். சிலவற்றில் தோகை தொங்கி மறைத்திருக்கும். கேட்டால், "வண்டி இன்னாருடையது என்று ஊருக்கே தெரியுமே" என்பார்கள். ஊருக்குத் தெரியும்; நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவருக்குத் தெரியுமா?

மோதிய வண்டி எதுவென்று தெரிந்தால், காயமுற்றவரோ, இறந்தவரின் குடும்பத்தாரோ தீர்ப்பாயத்தில் மனுச் செய்து, வயது, வருமானம் ஆகியவற்றுக்கேற்ப, அவ்வண்டியை இன்ஷூர் செய்த கம்பெனியிடமிருந்து நஷ்டஈடு கோரலாம். வண்டி தெரியாமற் போனால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவுப்படி மரணத்திற்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயுமே கிடைக்கும். 2022 ஏப்ரலுக்கு முன்னர் இத்தொகைகள் 25,000, 12,500 ரூபாயாகவே இருந்தன. ஆகவே தெளிவான எண், வழிப்போக்கனுக்குரிய பாதுகாப்பாகும்.

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் இதனை நுணுக்கமாக வரையறுத்துள்ளன. கார், லாரி போன்றவற்றில் எழுத்து 65 மில்லிமீட்டர் உயரமும், 10 மில்லிமீட்டர் தடிப்பும், 10 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்டிருத்தல் வேண்டும். இருசக்கர வண்டியின் பின்புறத்தில் எழுத்து 35, இலக்கம் 40 மில்லிமீட்டர். பின்பலகை இரவிலும் தெரியும்படி வெள்ளொளி விளக்கு வேண்டும். எழுத்துக்கள் ஆங்கிலத்திலேயே அமைய வேண்டுமென்பதும் விதி. தாய்மொழிப் பற்றினால் தமிழில் எழுதி வைப்போர் நம்மிடையே உண்டு, ஆயினும் சட்டம் அதற்கு இடந்தரவில்லை. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்கு, ஒளியைத் திருப்பியனுப்பும் உயர் பாதுகாப்புப் பலகை கட்டாயமாயிற்று. டிரெய்லரும் சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே என்பதை நம் விவசாயிகள் பலர் அறியார்.

இப்பொழுது பலகையை இயந்திரமும் வாசிக்கிறது. சாலையோரக் காமிரா வண்டியைப் படம் பிடிக்க, கம்ப்யூட்டர் அதில் பலகையைத் தேடி, எழுத்துக்களைத் தனித்தனியே பிரித்துப் பதிவேட்டுடன் ஒப்பிடுகிறது. இரவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும் காமிராக்களும் உண்டு. கணத்தில் முடியும் வேலைதான். ஆனால் கீறலோ, சேறோ, அலங்கார எழுத்தோ இருப்பின் 8ஐ 3 என்றும், 1ஐ 7 என்றும் அது கொள்ளக்கூடும். அப்பொழுது அபராத அறிவிப்பு, அச்சாலைக்கே சென்றிராத வேறொருவர் வீட்டிற்குச் செல்லும்.

இத்தகைய கண்காணிப்புக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 136-ஏ பிரிவு அடிப்படை. 2021 ஆகஸ்டில் வந்த 167-ஏ விதி, காமிரா உள்ள இடத்திற்கு முன்னரே எச்சரிக்கைப் பலகை வைக்கவும், கருவிக்கு ஆண்டுதோறும் சான்று பெறவும், எண் பலகை தெரியும் படத்தையும், இடம், தேதி, நேரத்தையும் சாட்சியமாக வைக்கவும் பணித்தது. குற்றம் நிகழ்ந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டுமென்றும் அவ்விதி கூறிற்று.

அறிவிப்பு கண்டதும் அஞ்சிப் பணங்கட்டுவோரே அதிகம். அது சரியன்று. முதலில் படத்தைக் காண வேண்டும். அதிலுள்ள வண்டியின் நிறமும் வகையும் நம்முடையவைதாமா என ஒப்பிட்டு, மாறுபட்டால் பதிவுப் புத்தக நகலுடன் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். ஊராட்சி அங்கத்தினர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இதில் உதவ வேண்டும். டிரெய்லர்ப் பலகையைத் துடைக்க, வயலிலிருந்து சாலைக்கு ஏறுமிடத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கந்தைத் துணியும் போதும்.