புரியாத கவிதைக்கு மேடை போடலாமா?

டாடாயிசப் பாணியில் கவிதை, நிகழ்த்துகலை விழா நடத்த ஆசை. "வெளிநாட்டுச் சரக்கு, நம் சனத்துக்குப் புரியாது" என்கிறார்கள். நடத்தலாமா?
— வாசகர், சோழவரம்

தாராளமாக நடத்துங்கள். 1916-இல் சூரிச் நகரில் டாடாயிசக் கவிஞர் ஹியூகோ பால் அட்டைக் குழாய்களை உடுத்திக்கொண்டு, பொருளில்லாத ஒலிகளையே கவிதையாக வாசித்தது ஒரு மதுவிடுதியின் சின்ன மேடையில்தான். வெளிநாட்டுச் சரக்கு என்பவர்களுக்குத் தெருக்கூத்துக் கட்டியங்காரனைக் காட்டுங்கள். கதையை நடுவில் நிறுத்தி, ராஜாவையே கிண்டலடித்து, எதிரே உட்கார்ந்திருப்பவர்களோடு நேராகப் பேசுகிறானே, மேலைப் புதுமைவாதிகள் தேடியதும் அந்த உறவைத்தான். நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, நவீன நாடகத்துக்கான உரத்தைக் கூத்திலிருந்தே எடுத்தது. புரியாது என்பதும் சரியல்ல. அடவும் தாளமும் பிடித்துவிட்டால் விடிய விடிய உட்காரும் சனம் இது. முதலில் கூத்தை வையுங்கள், பின்னால் ஒலிக்கவிதை வரட்டும். வேலைக்குப் போகிறவர்களும் வர ஞாயிறு மாலைதான் தோது. கூத்துக் கலைஞர்களின் சம்பளத்தை முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிடுங்கள்.