படாஸ்கர் போட்ட எல்லை

அன்புள்ள தம்பிக்கு,

சித்தூர் கோர்ட்டில் நீ கறுப்பு அங்கி போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் திருப்பதிக் கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதிவிட்டாய், சந்தோஷம். ஆனால் சர்வதேச நீதிமன்றங்கள் விஷயத்தில் இந்தியா போடுவது ‘இரட்டை வேடம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாயே, அங்கேதான் அவசரப்பட்டுவிட்டாய்.

1999 ஆகஸ்டில் பாகிஸ்தான் கடற்படை விமானத்தை இந்தியா சுட்டு வீழ்த்தியது. பாகிஸ்தான் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. காமன்வெல்த் நாடுகளோடு வரும் வழக்குகளை, நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்ற 1974 அறிவிப்பிலேயே விலக்கிவிட்டோம் என்றது இந்தியா. தனக்கு அதிகாரமில்லை என்று 2000 ஜூனில் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2017-ல், பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியரான குல்பூஷண் ஜாதவுக்காக அதே படியை இந்தியா ஏறியபோது, அதிகாரமில்லை என்று வாதாடியது பாகிஸ்தான். ஆனால் துணைத் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையை இரண்டு நாடுகளுமே ஏற்றிருந்தன. 2019-ல் 15-க்கு 1 என்று இந்தியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு. இரண்டு வழக்குக்கும் சாவி ஒன்றுதான்: எதற்கு ஒப்புக்கொண்டோமோ அதற்கு மட்டுமே வருவோம். முதலில் அந்த ஒப்புதல் வாசகத்தைப் படி, பிறகு குற்றம் சொல்.

1998-ல் ரோமில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான வாக்கெடுப்பில் இந்தியா ஒதுங்கி நின்றது. வழக்கை அனுப்பும் அதிகாரம் ஐ.நா. பாதுகாப்பு அவைக்குப் போவதை அது எதிர்த்தது. அந்த அவையில் நிரந்தர இடமில்லாத, அந்நிய ஆட்சியை அனுபவித்த நாட்டுக்கு அந்தத் தயக்கம் வரத்தான் செய்யும். ஆனாலும் என்னால் அதோடு நிற்க முடியவில்லை, தம்பி. இலங்கைப் போர்க்குற்ற விசாரணைக்கு வெளிநாட்டு நீதிபதிகள் வேண்டாம் என்று கொழும்பு மறுத்ததும் இதே இறையாண்மையின் பெயரால்தான். காணாமல்போன பிள்ளையின் படத்தை ஏந்தித் தெருவில் உட்கார்ந்திருக்கும் வடக்கு, கிழக்குத் தாய்மாருக்கு அந்தச் சொல் எதைக் கொடுத்தது?

வெளியாள் சொல்லும் தீர்ப்பு நிலைக்குமா என்பதற்கு நம் மண்ணையே பார். 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் யாருக்கு என்று இரண்டு பக்கமும் கொந்தளித்தது. கடைசியில் படாஸ்கர் நடுவராக வந்தார். கிராமமே அலகு, பெரும்பான்மையோர் பேசும் மொழி, நிலத் தொடர்ச்சி என்று அளவுகோல் வைத்தார். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதி ஆந்திரத்தோடு நின்றது. கேட்டதெல்லாம் யாருக்கும் கிடைக்கவில்லை, ஆனாலும் எல்லை நிலைத்தது. அளவுகோல் எல்லோருக்கும் முன்னமே தெரிந்திருந்ததுதான் காரணம் என்பது என் எண்ணம்.

நகரியில் அந்த நாளைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போ. வெளியாள் சொன்னதை ஏன் ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேள். அதைக் கேட்டுவிட்டு உன் இரண்டாம் பத்தியைத் திருத்து.

அன்புடன்,
உன் சீனியர்