இயன்முறை மருத்துவரிடம் முதல் நாள்

முத்தும் சங்கும் உப்பும் தந்து பெயர் பெற்றது நம் தூத்துக்குடிக் கடற்கரை. 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. சங்கு குளித்தல் இன்றும் நடைபெறுகிறது. கடலில் மூழ்குவோரும், உப்பளத்தில் குனிந்து உப்பு வாருவோரும், துறைமுகத்தில் சுமை தூக்குவோரும் தம் உடலையே கருவியாகக் கொண்டவர்கள். ஒரு நாள் மருத்துவமனைக்குச் சென்றால் அன்றைய கூலி இல்லை. ஆதலால்தான் இடுப்பு வலியையும் தோள் வலியையும் மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டு, கையைத் தூக்கவே இயலாத நிலையில் மருத்துவரிடம் செல்கின்றனர். அவர் பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்திற்குச் சீட்டு எழுதித் தருகிறார். அங்கே என்ன செய்வார்கள்?

"கரண்டு வைப்பார்கள்" என்பதே பலரும் கூறும் விடை. மின்சாரத்தாலும் வெப்பத்தாலும் வலியைத் தணிப்பதும் உண்டுதான். ஆனால் அது ஒரு சிறு பகுதியே. பயிற்சியின் வாயிலாக உடலின் இயக்கத்தை மீட்பதே இம்மருத்துவத்தின் உயிர்நாடி. முதல் நாளில் சிகிச்சையைவிடச் சோதனையே மிகுதி. மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானி கொண்டு அளப்பர். தசையின் வலிமைக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் இடுவர். (நம் தேர்வில் 5 வாங்கினால் தலைகுனிவு, இங்கே அது முழு வலிமை!)

இதற்கான ஆயத்தங்களுள் முதன்மையானது, நம் வேலையைப் பற்றிச் சொல்லத் தெரிவதே. "இடுப்பு வலிக்கிறது" என்றால் போதாது. "காலையில் வலி இல்லை, பத்து மணிக்கு மேல் குனிந்து நிமிரும்போது வலப்பக்கம் பிடிக்கிறது, படுத்தால் தணிகிறது" என்று கூற வேண்டும். எத்தனை கிலோ சுமை, தலையிலா தோளிலா என்பதும் தேவை. வேலை செய்யும் விதத்தை நடித்துக் காட்டவும் கூச வேண்டியதில்லை. எழுதத் தெரியாத பெற்றோரிடம் முந்தின இரவே கேட்டு, ஒரு தாளில் குறித்துக் கொடுப்பது மாணவர்களாகிய நம்மால் ஆகும் காரியம்.

மருத்துவர் சீட்டு, எக்ஸ்ரே, உண்ணும் மாத்திரைகள் ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் இருப்பின் மறைக்காதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவரும், உடலில் உலோகத் தகடு வைத்தவரும், கருவுற்ற பெண்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில கருவிகளை அவர்களுக்குப் பயன்படுத்தலாகாது. முழங்கால், தோள் முதலியவற்றைக் காட்ட ஏற்ற தளர்ந்த உடை நல்லது. பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை. வீட்டார் ஒருவர் உடன் சென்றால், பயிற்சியைப் பார்த்துக் கற்றுக்கொள்வார். ஏனெனில் அங்கே நடப்பது அரைமணி நேரம், மீதியெல்லாம் வீட்டில்தான். பயிற்சி எத்தனை முறை, எத்தனை நாள், எந்த வலி வந்தால் நிறுத்துவது, எப்போது மீண்டும் சுமை தூக்கலாம் என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

சில வலிகளுக்கு முறை போட்டுக் காத்திருக்கலாகாது. அழுத்தக் காற்றைச் சுவாசித்து மூழ்கியவர் விரைந்து மேலே வந்தால், உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டு வலியும் கால் மரப்பும் உண்டாகும். அவரை உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். முதற்தேவை ஆக்சிஜன், பின்னர் அழுத்த அறைச் சிகிச்சை. எண்ணெய் தேய்த்துக் காலம் கடத்துவது கேடு. இடுப்பு வலியோடு சிறுநீர் கட்டுப்பாடு இழந்தவருக்கும் இதே அவசரம் உண்டு.

பக்கவாதத்தால் படுக்கையில் கிடப்போர் என் செய்வர்? 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டிற்கே வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேட்கலாம்.