தறியும் தொகையும்

தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நம் பகுதி மாணவிகளுக்குத் தொகைநிலைத் தொடரைக் கற்பிக்க எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. 'தறி' என்ற ஒரு சொல்லே போதும்.

கைத்தறி என்பதை விரித்தால் 'கையால் இயக்கும் தறி' என்றாகும். 'ஆல்' என்னும் உருபும் 'இயக்கும்' என்னும் பயனும் மறைந்து நிற்பதால், இது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. குழித்தறியோ குழியில் அமைத்த தறி, குழியால் இயங்குவதன்று. பட்டுத்தறி, பட்டை நெய்யும் தறி. பட்டால் செய்த தறி என்று தேர்வில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனால் பாட்டியே சிரிப்பார்! இறுதியில் நிற்கும் சொல், பொருள் இன்னதென்று காட்டுகிறது. முன்னே நிற்பது அதற்கு என்ன உறவு என்பதைத் தொகை வாய்விட்டுச் சொல்வதில்லை.

கைமாற்றை எப்படி விரித்தாலும் 'வட்டியின்றிச் சில நாளுக்கு வாங்கும் கடன்' என்பது வராது. அது வழக்கு தந்த பொருள்.

1916-ல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் சங்கம் அமைத்து அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்க முற்பட்டனர். அன்றுமுதல் சொல் ஆக்குவோர் எல்லாரும் சந்திக்கும் சிக்கல் இதுவே. மிதிவண்டி அழகிய வினைத்தொகை. கேட்டவுடன் பொருள் விளங்கும். பேருந்து, பெரிய உந்து. லாரியும் பெரிய உந்துதானே? ஆயினும் வழக்கில் நிலைத்துவிட்டது.

லோஜ்பான் என்றொரு செயற்கை மொழி உண்டு. 1987-ல் அதன் பணி தொடங்கியது. அதில் இரு சொற்களை அடுத்தடுத்து வைத்தால் உறவு நெகிழ்வாகவே இருக்கும். ஒரே சொல்லாக இணைத்துவிட்டாலோ, அதற்கு ஒரே பொருள்தான். செய்பவர் யார், செய்யப்படுவது எது என்ற இடங்களையும் வரையறுக்க வேண்டும்.

இது வெறும் இலக்கண விளையாட்டன்று. சேலை உள்ளிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம், 'விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி' என்று வரையறுத்தது. 2013-ல், நெசவின் ஒரு வேலையாவது கையால் நடந்தால் அதையும் கைத்தறியாகக் கொள்ளலாம் என்ற யோசனை எழுந்தது. நெசவாளர்கள் எதிர்த்தனர். கையால் மட்டும் இயக்கும் தறியா, கையாலும் இயக்கும் தறியா? தொகைக்குள் மறைந்திருந்த அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் அவர்களுடைய பிழைப்பு இருந்தது.