ஈறில் இரத்தம் வந்தால் மிஸ்வாக்கை விடலாமா?

உம்மத்தினருக்குச் சிரமமாகிவிடும் என்ற பரிவு மட்டும் தடுத்திராவிட்டால், ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்வதைக் கட்டளையாகவே ஆக்கியிருப்பதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. பல் துலக்குவதற்கு மார்க்கம் தரும் இடம் அத்தகையது. ஆயினும் நம் இல்லங்களில் சிலர், “துலக்கினால் ஈறில் இரத்தம் வருகிறது, ஒளூவுக்குப் பழுது வருமே!” என்று அஞ்சி, வாய் கொப்பளிப்பதோடு நிறுத்திக் கொள்கிறார்கள். பேணுதல் என்று எண்ணிச் செய்யும் இது நோயை வளர்க்கும் செயலாகும். காரணத்தை விளங்கிக் கொள்வோம்.

நோயின் தன்மை

பல்லும் ஈறும் சேருமிடத்தில் கிருமிகள் நிறைந்த வழவழப்பான படலம் நாள்தோறும் படிகிறது. அதைத் துடைக்காமல் விட்டால் உமிழ்நீரிலுள்ள சுண்ணச் சத்து சேர்ந்து காரையாக இறுகிவிடுகிறது. கிருமிகளை எதிர்க்க உடல் அவ்விடத்திற்கு இரத்தத்தை மிகுதியாக அனுப்ப, ஈறு சிவந்து வீங்கி, தொட்டாலே கசிகிறது. எனவே இரத்தம் வருவதற்குக் காரணம் துலக்கியது அன்று. துலக்காமல் விட்ட அழுக்கே!

1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற அறிஞர், நல்ல ஈறுள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் குணமாயிற்று. முதல் கட்டத்தில் இந்நோய் முற்றிலும் தீரக்கூடியது என்பதற்கு இதுவே சான்று.

கவனியாது விட்டாலோ, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பாது. அதே அறிஞரின் குழுவினர் 1970 முதல் 1985 வரை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர்களை ஆராய்ந்தனர். பல் துலக்கும் பழக்கமோ பல் மருத்துவமோ இல்லாத ஆண்கள் அவர்கள். அவர்களுக்குப் பற்சொத்தை அநேகமாக இல்லை. அப்படியிருந்தும், நோய் விரைந்து பரவிய 8 விழுக்காட்டினர் 35 வயதில் சராசரியாக 12 பற்களையும், 45 வயதில் எல்லாப் பற்களையும் இழந்திருந்தனர். சொத்தையில்லாத பல்லையும் ஈறு நோய் வீழ்த்திவிடும்!

தாம்பூலமும் புகையிலையும்

ஜெயமங்கலம் வட்டாரம் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பெயர் பெற்றது. தாம்பூலமும் நம் விருந்துகளில் இடம்பெறுகிறது. ஆனால் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என 2004-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. புகையிலையோ, பீடியோ, சிகரெட்டோ சேர்ந்தால் ஈறு இன்னும் விரைவாக அழியும். புகைப்பவர்களுக்கு ஈறில் இரத்தம் குறைவாகவே கசியும். அதனால் நோய் மறைந்தே வளரும். ‘எனக்கு இரத்தமே வரவில்லை’ என்று அவர்கள் நிம்மதி கொள்ள இடமில்லை. வாயில் இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

நீரிழிவு உள்ளோர் கூடுதல் கவனம் கொள்க. சர்க்கரை மிகுந்தால் ஈறு கெடும்; ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். கர்ப்பிணிகளுக்கும் ஈறு எளிதில் வீங்கும். அவர்கள் துலக்குவதை நிறுத்தலாகாது.

மருத்துவம்

காலையிலும், இரவு உறங்குமுன்பும் மெதுவான பிரஷ்ஷால் ஈறோரத்தை இதமாகத் துலக்குங்கள். மிஸ்வாக் குச்சியாயின் நுனியை மென்று நாராக்கி, நைந்ததை வெட்டிப் புது நுனியைப் பயன்படுத்துங்கள். செங்கல்பொடியும் கரித்தூளும் பல்லைத் தேய்த்துவிடும். உப்பு வெந்நீர் இதம் தரும். கிராம்புத் தைலம் வலியை மரக்கச் செய்யும். இரண்டும் காரையை அகற்றா. இறுகிய காரையைப் பல் மருத்துவரே கருவியால் நீக்கவேண்டும். ‘சுத்தம் செய்தால் பல் ஆடும்’ என்பது வீண் அச்சம். பல்லை ஆட்டுவது கரைந்த எலும்பு. காரை அதை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவே. க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் மருத்துவப் பிரிவு உண்டு.

மஸ்அலா

ஹனஃபி மத்ஹபின்படி, உமிழ்நீரில் இரத்தம் மிகுந்தோ சமமாகவோ இருந்து எச்சில் சிவந்திருந்தால் ஒளூ முறியும். உமிழ்நீர் மிகுந்து மஞ்சளாக இருந்தால் முறியாது. ஷாஃபிஈ மத்ஹபில் இதனால் ஒளூ முறியாது. ஆனால் இரத்தம் அசுத்தமாதலால் வாயைக் கழுவ வேண்டும். இரத்தத்தை வேண்டுமென்று விழுங்கலாகாது. நோன்பாளி இதில் மேலும் கவனமாயிருக்க வேண்டும்.

ஆகவே இரத்தம் கசிவோர் ஒளூவுக்குச் சற்று முன்னரே துலக்கி, கசிவு நின்றபின் ஒளூச் செய்யட்டும். சிரமமும் நீங்கும், சுன்னத்தும் விடுபடாது. இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் கசிவு நிற்காவிடில், மருத்துவரை நாடுவதே முறை. மருத்துவம் செய்துகொள்வதும் நபிவழியே. அல்லாஹ் நம் அனைவருக்கும் தூய்மையையும் ஆரோக்கியத்தையும் அருள்வானாக! ஆமீன்.