கண்ணன் தேவன் யார்? மன்றோ யார்?

நம் சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சென்ற மாதம் ஒரு மாணவி தேயிலைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து, "ஐயா, கண்ணன் தேவன் என்பது எந்தச் சாமி?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மலையில் கொழுந்து கிள்ளியவர் என் பாட்டி. அவர் பேரனாகிய நான் அன்று சரியான விடை சொல்லாமல் நழுவிவிட்டேன். அந்த விடைதான் இக்கட்டுரை.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி நிற்பவை மூணாறு மலைகள். கிழக்கே இறங்கினால் போடிநாயக்கனூர். வடக்கே மறையூர் வழியாக இறங்கினால் உடுமலைப்பேட்டை. இந்த மலைகளைத் தோட்டமாக்க முதலில் குத்தகைக்கு எடுத்த வெள்ளையர் ஜான் டேனியல் மன்றோ. அவரைப் புரிந்துகொள்ள அவருடைய பாட்டனாரிடமிருந்து தொடங்க வேண்டும்.

பாட்டனார் கர்னல் ஜான் மன்றோ, ஸ்காட்லாந்துக்காரர். சென்னைத் தீவுத்திடலில் குதிரைமேல் சிலையாக இருக்கும் தாமஸ் மன்றோ வேறு, இவர் வேறு. 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் ரெசிடெண்டாக இருந்தார். ராணி கௌரி லட்சுமி பாய் காலத்தில், 1811 முதல் 1814 வரை திவான் பதவியையும் அவரே வகித்தார். அதாவது கம்பெனியின் பிரதிநிதியும் அவர்தான், அரண்மனையின் முதல் அதிகாரியும் அவர்தான். கொல்லத்துக்கு அருகிலுள்ள மன்றோ தீவு அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

அவர் மகன் அர்பன் விகர்ஸ் மன்றோ திருவிதாங்கூர் அரசின் காட்டிலாகா அதிகாரி ஆனார். பேரன் ஜான் டேனியல் ஏலமலைகளின் மேற்பார்வையாளராக இருந்தவர். பீர்மேட்டில் காப்பி பயிரிட்டவர். தந்தை நாட்டை ஆண்டார், மகன் காட்டைக் காத்தார், பேரன் மலையையே குத்தகைக்கு வாங்கினார். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையில் காலனி ஆட்சி நடந்த விதம் முழுவதும் அடங்கிவிடுகிறது.

1877 ஜூலை 11 அன்று பூஞ்ஞாறு அரசர் ஜான் டேனியலுக்குக் குத்தகைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஏறத்தாழ 227 சதுர மைல் மலை. அதற்குக் கொடுத்த தொகை ரூபாய் 5,000. ஆண்டுக் குத்தகை ரூபாய் 3,000. அந்த மலைகளில் காலங்காலமாக வாழ்ந்துவரும் முதுவர் குடிகளை அந்தப் பத்திரத்துக்காக யார் கேட்டார்கள்? ஆனால் காட்டுக்குள் வெள்ளையருக்கு வழிகாட்ட மட்டும் அவர்கள் தேவைப்பட்டார்கள்.

1879-இல் மன்றோ தம் உரிமையை வடதிருவிதாங்கூர் நில, தோட்டப் பயிர்ச் சங்கத்துக்கு மாற்றிக் கொடுத்தார். காப்பியும் சிங்கோனாவும் நட்டுப் பார்த்தார்கள். 1880-இல் ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்னுமிடத்தில் சுமார் 50 ஏக்கரில் தேயிலை நட்டார். மலைக்கு நிலைத்தது அந்தச் செடிதான். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி பிறந்தது. 1971-இல் கேரள அரசு இந்த மலைநிலங்களை மீட்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றபோது, 1877-ஆம் ஆண்டுப் பத்திரம் அங்கும் பேசப்பட்டது.

இனி மாணவியின் கேள்விக்கு வருகிறேன். மறையூர், காந்தளூர் முதலான ஐந்து ஊர்கள் சேர்ந்தது அஞ்சுநாடு. மதுரைப் பக்கமிருந்து மலையேறிய தமிழர் அமைத்த ஊர்கள் அவை. கண்ணன் தேவன் அப்பகுதித் தலைவர் ஒருவரின் பெயர் என்பது வழிவழியாக வரும் செய்தி. மன்றோவின் குத்தகை நிலத்துக்கே 'கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலை' என்றுதான் பெயர். வாங்கியவர் மலையை வாங்கினாரே தவிர, அதன் பெயரை மாற்ற அவரால் முடியவில்லை.

பீர்மேட்டுக்கு அருகே பள்ளிக்குன்னு தேவாலயத்தில் மன்றோவின் கல்லறை இருக்கிறது. அவருடைய குதிரை டவுனிக்கும் அங்கே ஒரு கல்லறை உண்டு. விசுவாசமான குதிரைக்கு நன்றி காட்டியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் சில ஆண்டுகளுக்கு முன் அங்கு நின்றபோது மனத்தில் வந்தது வேறு நினைவு.

என் பாட்டி சிறுமியாகப் போடி மலையடிவாரத்திலிருந்து, கங்காணி கொடுத்த முன்பணத்துக்காகத் தாயுடன் மலையேறியவர். கால்நடையாகவே ஏறினார்களாம். அட்டை கடித்த கால்களோடு லயத்துக்கு வந்து சேர்ந்த முதல் இரவில், "குளிரு பல்லை ஆட்டிருச்சுப்பா" என்று கடைசிவரை சொல்வார். அவர் தாயாரை அந்த மலையில்தான் புதைத்தார்கள். எந்த இடம் என்று காட்ட இப்போது ஆளில்லை. அந்த அம்மாளின் பெயரை நான் பாட்டியிடம் ஒருநாளும் கேட்டதில்லை. குதிரையின் பெயர் எனக்குத் தெரிகிறது; என் கொள்ளுப்பாட்டியின் பெயர் தெரியவில்லை. இந்தக் குற்றத்தை மன்றோவின் மேல் போட முடியாது. கேட்காமல் இருந்தது நான்.

ஆகவே அடுத்த வாரத்துக்கு என் வகுப்புக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது, வீட்டுப் பெரியவரிடம் அவருடைய பாட்டியின் பெயர், பிறந்த ஊர், செய்த தொழில் மூன்றையும் கேட்டுத் தமிழில் எழுதி வர வேண்டும். பிள்ளைகளுக்கு மட்டும் சொன்னதாக எண்ண வேண்டாம். வாசக அன்பர்களும் இன்றே கேளுங்கள். சொல்லக்கூடியவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.