பாசி படர்ந்த ஏரியும் ஒரு சரியான கேள்வியும்

மாணவர்களே, ஓர் ஏரியில் ஆராய்வதற்கு எத்தனை விஷயங்கள் இருக்கின்றன! மீன்களை எண்ணலாம், நீரின் வெப்பத்தை அளக்கலாம், அடிச்சேற்றில் வாழும் புழுக்களைப் படிக்கலாம். ஆனால், ஆய்வாளரிடம் உள்ள காலமும் பணமும் அளவானவை. எதை முதலில் ஆராய்வது என்று சூழலியலாளர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்? அவர்கள் கண்டறிந்தது எப்படிச் சட்டமாகிறது? ஓர் உண்மை நிகழ்வின்வழி இவ்வாரம் பார்ப்போம்.

பச்சையாக மாறிய நீர்

வட அமெரிக்காவில் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே உள்ள எல்லையில் இருக்கிறது ஈரி ஏரி. அங்குள்ள ஐந்து பேரேரிகளில் ஆழம் குறைந்தது இதுதான். சுற்றிலும் பெரிய நகரங்கள், தொழிற்சாலைகள், வயல்கள். 1960ஆம் ஆண்டுகளில் இந்த ஏரியில் பாசி அடர்ந்து பரவியது. கரைகளில் அழுகிய பாசி குவிந்து நாறியது. "ஈரி ஏரி செத்துவிட்டது" என்றுகூடச் செய்தித்தாள்கள் எழுதின.

பாசி பெருகினால் என்ன கேடு? பாசி மடிந்து அடியில் படிகிறது. அதை மட்கச் செய்யும் பாக்டீரியா நீரிலுள்ள உயிர்வளியைப் பயன்படுத்தித் தீர்த்துவிடுகிறது. அடிநீரில் மீன்கள் வாழ முடிவதில்லை. நீரில் ஊட்டச்சத்து அளவுக்கு மீறிச் சேர்வதால் வரும் இந்நிலைக்கு மிகையூட்டம் என்று பெயர்.

பாசி வளரக் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றில் எது இந்தப் பெருக்கத்துக்குக் காரணம்? பலர் பாஸ்பரஸைச் சுட்டினர். அக்காலச் சலவைத் தூளில் பாஸ்பேட் நிறைய இருந்தது. துணி துவைத்த நீர் சாக்கடை வழியாக ஏரிக்குச் சென்றது. சலவைத் தூள் தயாரிப்பாளர்களோ, கார்பன்தான் காரணம் என்ற கருத்தை ஆதரித்தார்கள்.

இது வெறும் ஏட்டுச் சண்டை அன்று. பாஸ்பரஸ் காரணமென்றால் சலவைத் தூளின் கலவையை மாற்ற வேண்டும். நகரங்கள் கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸை நீக்கும் நிலையங்களைக் கட்ட வேண்டும். கார்பன் காரணமென்றால் அந்தச் செலவெல்லாம் வீண். எனவே, விடை தெரியாமல் அரசாங்கம் துணிந்து அடியெடுத்து வைக்க முடியாது.

குடுவை சொன்னதும் ஏரி சொன்னதும்

ஆய்வுக்கூடத்தில் குடுவையில் ஏரி நீரை எடுத்துச் சோதித்தபோது, கார்பனைச் சேர்த்தால் பாசி கூடுதலாக வளர்ந்ததைச் சிலர் கண்டனர். அப்படியானால் கார்பன்தானே குற்றவாளி? அவசரப்படாதீர்கள். குடுவை ஒரு சிறிய, மூடிய உலகம். உண்மையான ஏரியோ காற்றுக்குத் திறந்து கிடக்கிறது. காற்றிலுள்ள கரிவளி ஓயாமல் நீரில் கரைகிறது.

ஆகவே, குடுவையை விட்டு ஏரியையே சோதனைக்கூடம் ஆக்கினார்கள். 1968இல் கனடாவின் ஒண்டேரியோ மாநிலத்தின் வடமேற்கில், மக்கள் குடியிருப்பு இல்லாத காட்டுப் பகுதியில் சிறு ஏரிகள் பல ஆய்வுக்கென ஒதுக்கப்பட்டன. அங்கு ஆய்வை வழிநடத்தியவர் டேவிட் ஷிண்ட்லர்.

அவருடைய குழு சோதனைக்கு எந்த ஏரியைத் தேர்ந்தெடுத்தது என்பதைக் கவனியுங்கள். 227ஆம் எண் ஏரியின் நீரில் கார்பன் மிக மிகக் குறைவு. கார்பன் இல்லாமல் பாசி பெருகாது என்ற கருத்து சரியானால், இந்த ஏரியில் பெருகவே கூடாது. 1969 முதல் அதில் பாஸ்பரஸும் நைட்ரஜனும் மட்டும் சேர்த்தார்கள். ஏரி பச்சையானது! பாசி தனக்கு வேண்டிய கார்பனைக் காற்றிலிருந்து பெற்றுக்கொண்டது.

1973இல் அடுத்த சோதனை. 226ஆம் எண் ஏரி நடுவில் குறுகி, எட்டு என்ற எண்ணின் வடிவில் இருந்தது. குறுகிய இடத்தில் பிளாஸ்டிக் திரை ஒன்றைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும்; மறுபக்கம் அவ்விரண்டோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் சேர்த்த பக்கம் நீலப்பச்சைப் பாசியால் மூடியது. மற்றப் பக்கம் தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த படத்தில், ஒரே ஏரியின் பாதி பச்சையாகவும் பாதி கருநீலமாகவும் தெரிந்தது.

நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் காற்றிலுள்ள நைட்ரஜனையும் பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸுக்கு அப்படிக் காற்றில் சேமிப்புக் கிடங்கு இல்லை. அது நிலத்திலிருந்தும் கழிவிலிருந்தும்தான் வர வேண்டும். மூன்றில் மனிதர் கட்டுப்படுத்தக் கூடியது அதுதான். எனினும், எல்லா நீர்நிலைக்கும் இதே விடை பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. கடலோரங்களில் நைட்ரஜனும் பெரிய சிக்கலாக இருக்கிறது.

ஆய்விலிருந்து சட்டத்திற்கு

கனடா 1970இலேயே சலவைத் தூளில் பாஸ்பேட்டின் அளவுக்கு வரம்பு விதித்தது. 1973இல் அதை மேலும் இறுக்கியது. 1972இல் இரு நாடுகளும் பேரேரிகளின் நீர்த்தரத்தைக் காக்க ஒப்பந்தம் செய்தன. முதல் ஏரிச் சோதனையின் முடிவுகள் இந்த விவாதங்களுக்குத் துணை நின்றன. பிறகு வந்த இரண்டாம் சோதனையின் படம், எதிர்ப்பவர்களின் வாதத்தை வலுவிழக்கச் செய்தது. பல பக்க அட்டவணைகளைப் படிக்க நேரமில்லாத ஓர் அமைச்சரும் அந்தப் படத்தை ஒரு பார்வையில் புரிந்துகொள்வார் அல்லவா?

ஆனால், அறிவியல் தனியாகச் சட்டம் இயற்றிவிடவில்லை. மக்களின் கோபமும் அரசியல் பேச்சுவார்த்தையும் சேர்ந்தே அதைச் செய்தன. "பாஸ்பரஸைக் குறைத்தால் பாசி குறையுமா?" என்பதற்குச் சூழலியலாளர் விடை சொல்லலாம். "அந்தச் செலவை யார் ஏற்பது?" என்பதற்குச் சமுதாயமே விடை காண வேண்டும்.

எந்தக் கேள்வி முதலில்?

ஈரி ஏரியின் கதையிலிருந்து, நல்ல கேள்வியை அறிய நான்கு சோதனைகளைப் பெறலாம்.

1. விடைக்காக யாரேனும் காத்திருக்கிறார்களா?
2. விடை "ஆம்" என்றால் ஒரு முடிவும், "இல்லை" என்றால் வேறு முடிவும் எடுக்கப்படுமா?
3. அளந்தோ சோதித்தோ விடை காண முடியுமா?
4. விடை முன்பே தெரிந்த ஒன்றா?

முதல் மூன்றுக்கு "ஆம்" என்றும் நான்காவதற்கு "இல்லை" என்றும் வந்தால், அந்தக் கேள்வி முன்வரிசைக்கு உரியது.

இத்தகைய தேர்வைப் பலர் கூடியும் செய்கிறார்கள். பிரிட்டனில் வில்லியம் சதர்லாந்து என்ற சூழலியலாளரின் தலைமையில் நடந்த முயற்சியில், கொள்கை வகுப்போரும் ஆய்வாளர்களுமாக 654 பேருக்குக் குறையாதவர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. 1,003 கேள்விகள் திரண்டன. பிறகு ஒன்றுகூடி விவாதித்து, வாக்களித்து, அவற்றை 100 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பட்டியல் 2006இல் வெளிவந்தது. சட்டம் செய்பவர்களும் ஆராய்பவர்களும் ஆய்வு தொடங்கும் முன்பே ஒரே மேசையில் அமர்ந்தது இதன் சிறப்பு.

அப்படியானால் உடனடிப் பயன் இல்லாத ஆய்வு வேண்டாமா? வேண்டும். நீலப்பச்சைப் பாசி நைட்ரஜனைப் பிடிக்கும் என்பது ஈரி ஏரிச் சிக்கல் எழும் முன்பே அறியப்பட்டிருந்தது. அந்த அறிவு கையிருப்பில் இருந்ததால்தான் ஏரிச் சோதனையின் முடிவுகளுக்கு விளக்கம் சொல்ல முடிந்தது. நீண்டகால ஆய்வும் அப்படித்தான். 227ஆம் எண் ஏரியில் 1990 முதல் நைட்ரஜன் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். பாஸ்பரஸ் மட்டும் சேர்த்தும் பாசி தொடர்ந்து பெருகியது. இதை அறிய ஐந்தாண்டு ஆய்வு போதுமா? ஆயினும், 2012இல் கனடா அரசு இந்த ஆய்வுத் தளத்துக்கு நிதியை நிறுத்த முடிவெடுத்தது. அறிவியலாளர்களும் பொதுமக்களும் குரல் கொடுத்தனர். 2014இல் ஓர் ஆய்வு நிறுவனம் பொறுப்பேற்றதால் தளம் பிழைத்தது.

கேள்வியும் மாறும்

கட்டுப்பாடுகளுக்குப் பிறகு ஈரி ஏரி தேறியது. ஆனால், கதை அங்கே முடியவில்லை. 2014 ஆகஸ்டில், ஏரிக்கரையிலுள்ள டொலிடோ நகரில் ஏறக்குறைய 4 லட்சம் பேர் குழாய்நீரைக் குடிக்கக்கூடாது என்று எச்சரிக்கப்பட்டனர். நீலப்பச்சைப் பாசியின் நச்சு நீரில் கலந்திருந்தது. இம்முறை முக்கியக் காரணம் சலவைத் தூள் இல்லை. வயல்களிலிருந்து மழைநீரோடு வந்த உரம். ஒரு குழாயை அடைப்பது எளிது. ஆயிரக்கணக்கான வயல்களை என்ன செய்வது? பொருள் அதே பாஸ்பரஸ்தான். கேள்விதான் புதியது.

உங்களுக்கு ஒரு பயிற்சி

உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள ஓடையையோ குளத்தையோ நினைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களோடு சேர்ந்து அதைப் பற்றிப் பத்துக் கேள்விகள் எழுதுங்கள். நான்கு சோதனைகளையும் வைத்து அவற்றை மூன்றாகக் குறையுங்கள். "இந்த ஓடை ஏன் அழுக்காக இருக்கிறது?" என்பது பெரும்பாலும் மூன்றாம் சோதனையில் தடுமாறும். "சந்தைக்குக் கீழே உள்ள நீர், மேலே உள்ள நீரைவிடக் கலங்கலாக இருக்கிறதா?" என்பது தேறும். இறுதியாக, ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, விடை கிடைத்தால் அதை யாரிடம் கொண்டுசெல்வீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் பெயர் கிடைக்காவிட்டால் கேள்வியை இன்னொரு முறை திருத்திப் பாருங்கள்.